ராய்ஸ் டிட்மோர் சொன்ன ஏழு

கார்லி ஊரில் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ராய்ஸ் டிட்மோரைப் பார்த்து யாரும் சௌக்கியமா என்று கேட்க மாட்டார்கள். "இந்த வருஷம் எத்தனை?" என்றுதான் கேட்பார்கள். பெட்ரோல் பங்க், முடிவெட்டும் கடை, தேவாலய வாசல் என்று எங்கே போனாலும் இதே கேள்வி. சிப்சி கல்லூரியின் கால்பந்து அணி இந்தப் பருவத்தின் பத்து ஆட்டங்களில் எத்தனையை ஜெயிக்கும் என்று அதற்கு அர்த்தம். கால்பந்து என்று பெயர்தான். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, ஆளை ஆள் முட்டித் தள்ளி, நான்கு முயற்சிக்குள் பத்து கெஜமாவது முன்னேறிப் பிழைக்க வேண்டிய ஆட்டம் அது. அலபாமாவின் அந்தப் பக்கத்தில் அதை ஆட்டம் என்று சொன்னால்கூடச் சிலருக்குக் கோபம் வரும்.

ராய்ஸுக்கு வயது ஐம்பத்தொன்பது. ஊரின் பைன் மர ஆலையில் முப்பத்தாறு வருஷமாகப் பலகைகளுக்குத் தரம் போடுகிறவர். அறுத்த பலகைகள் சங்கிலியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விநாடிதான். அதற்குள் நான்கு பக்கமும் பார்த்து, முடிச்சு, வெடிப்பு, முறுக்கல் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, நீல மெழுகுக் கட்டியால் கோடு இழுத்துவிட வேண்டும். ஒரு கோடு என்றால் முதல் தரம், இரண்டு கோடு என்றால் இரண்டாம் தரம். குறுக்கே கோடு விழுந்தால் காகித ஆலைக்குப் போக வேண்டியதுதான். ஆட்டக்காரர்களையும் அவர் அதே கண்ணால்தான் பார்ப்பார். ஆலையில் வீணாகும் காகிதங்களின் பின்பக்கத்தில் ஒவ்வொரு ஆட்டத்தையும் நீலக் கட்டியால் வரைந்து வைத்திருப்பார். இருபத்தைந்து வருஷத்துக் காகிதங்கள் கார் கொட்டகையில் ஒரு பழைய குளிர்பதனப் பெட்டி நிறைய இருக்கின்றன.

அவர் அந்தக் கல்லூரியில் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. பத்தாம் வகுப்போடு ஆலைக்குப் போனவர். அவர் குடும்பத்திலேயே முதலாவதாகப் பட்டம் வாங்கிய மகள் கார்லீன் படித்தது அங்கேதான். ஆனால் அவர் "நம்ம காலேஜ்" என்று சொல்ல ஆரம்பித்தது அவள் பிறப்பதற்கும் முன்னால்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஊர் வானொலிக்காரர் லமார் கேட்ரெட், பன்றி இறைச்சி வாட்டி விற்கும் ஹாஸ்க்யூ கடையின் மூலை மேசையில் மைக்கை வைத்துக்கொண்டு நிகழ்ச்சி நடத்துவார். அதில் ராய்ஸுக்கு மூன்று நிமிடம். பதினோரு வருஷமாக நடக்கிறது. அந்த மூன்று நிமிடத்துக்காக ராய்ஸ் புதன்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு வைப்பார்.

இந்த ஆகஸ்டில் அவர் மைக்கைப் பிடித்து "ஏழு" என்றார்.

கடை மொத்தமும் சிரித்தது. போன வருஷம் ஜெயித்தது மூன்றுதான்.

"ஏழா? ராய்ஸ், வெயில்ல தொப்பி இல்லாம நின்னியா?" என்றார் லமார்.

"நான் மத்தவங்க மாதிரி பந்து எங்க போகுதுன்னு பாக்கிறதில்ல, லமார். பந்து கிளம்புற இடத்தைப் பாக்கிறேன். பந்து வீசறவன் வலது கைக்காரன். அவனுக்கு இடது பக்கம் முதுகு. அந்த முதுகைக் காக்கிறவன் இடது ஓரத்துல நிக்கிறவன். அங்கதான் மூணு வருஷமா நமக்கு ஓட்டை. இந்த வருஷம் அங்க தவாரிஸ் பெட்வே நிக்கிறான்."

"அந்த ஸ்கூல் கேன்டீன் லொரீன் பையனா?"

"அவனேதான். ஆறரை அடி. ஆனா நான் உயரத்தைச் சொல்லல. அவனோட முதல் அடி இருக்கே, எதிர்ல நிக்கிறவன் மூச்சு இழுக்கிறதுக்குள்ள இவன் அவன் நெஞ்சு மேல இருக்கான். ஒரு முடிச்சு கிடையாது. முதல் தரம். அவன் நின்னா ஏழு. நான் சொன்னது பொய்னா என் மூணு நிமிஷத்தை வேற யாருக்காவது குடுத்துடு."

"ஊரே சாட்சி," என்றார் லமார்.

ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டப் ஹால்மார்க், கடைசி மேசையிலிருந்து எழுந்து கத்தினார். "எனக்குக் குடு லமார்! நான் சமையல் குறிப்பு சொல்றேன்!" டப்பும் ராய்ஸும் முப்பது வருஷ நண்பர்கள். ஒருவரை ஒருவர் நல்லவிதமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

ராய்ஸுக்கு இன்னொரு புகழும் உண்டு. அதை அவர் தன் வாயால் சொல்ல மாட்டார், ஊர் சொல்லும். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் மழையில், விரல் விறைத்துக் கை தட்ட முடியாமல், வண்டியில் கிடந்த இரண்டு பைன் துண்டுகளை எடுத்து வந்து டக்கென்று ஒரு தட்டுத் தட்டினார். அடுத்த நொடி சிப்சி பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துவிட்டது. அன்றிலிருந்து அது வழக்கம். மைதானத்தின் வடக்கு முனையில், கோட்டுக்குப் பத்து கெஜத்துக்குள் நம் பையன்கள் பந்தோடு வந்து நின்றால், மூன்றாவது வரிசை மேற்கு ஓரத்தில் ராய்ஸ் எழுந்து கட்டைகளைத் தூக்குவார். வடக்கு முனை முழுக்க ஜோடி ஜோடியாகக் கட்டைகள் உயரும். அவர் ஒற்றைத் தட்டு. அதன்பிறகு எல்லோரும். துண்டுகளை ஆலையே இலவசமாகக் கொடுக்கும். குழந்தை பிறந்தால் அதன் பெயரைச் சூட்டுக்கோலால் பொறித்து ஒரு ஜோடி கொடுப்பது ஊரில் சீராகவே ஆகிவிட்டது. முதல் தட்டு மட்டும் ராய்ஸுடையது. அதை வேறு யாரும் தொட்டதில்லை.

செப்டம்பரில் பருவம் தொடங்கியது. வெளியூரில் ஆடிய இரண்டு ஆட்டமும் ஜெயம். சொந்த மண்ணில் ஆடிய நான்கில் ஒன்றுதான் ஜெயம். ஆறு ஆட்டத்தில் மூன்று போய்விட்டது. இனி ஒன்று தோற்றாலும் ஏழு கிடையாது.

தோற்ற மூன்றிலும் பழி ஒரே ஆள் மேல் விழுந்தது. பந்தைப் பின்னுக்குக் கொடுக்கும் வரை வரிசையில் நிற்கிறவன் இமைகூட அசையக் கூடாது. அசைந்தால் நடுவர் மஞ்சள் கொடியை வீசுவார், ஐந்து கெஜம் பின்னால் போக வேண்டும். கோட்டுக்கு மூன்று கெஜத்தில் நிற்கிறவர்களுக்கு அந்த ஐந்து கெஜம் மரண அடி. தவாரிஸ் நான்கு சொந்த ஆட்டத்தில் ஒன்பது முறை முந்தி அசைந்துவிட்டான்.

"உன் முதல் தரப் பலகைக்கு நிக்கவே தெரியலயே," என்றார் டப், மதிய இடைவேளையில் வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டு. "முடிச்சு இல்லன்ன. மூளையும் இல்ல போல."

"பையனைச் சொல்லாதே."

"நான் சொல்லல, பயிற்சியாளர் கேண்டியே சொல்லிட்டாரு. அடுத்த சொந்த ஆட்டத்துல இன்னொரு கொடி விழுந்தா பெஞ்ச்சுல உக்கார வைப்பாராம். பேப்பர் பாக்கல? என்ன, உன் மூணு நிமிஷத்துக்கு நான் என்ன சட்டை போடட்டும்?"

ராய்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தன் பெயர் போவது ஒரு பக்கம். ஆனால் முப்பத்தாறு வருஷத்தில் முதல் தரம் என்று ஒற்றைக் கோடு இழுத்த பலகை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இந்தப் பையனை மட்டும் எப்படித் தப்பாகப் பார்த்தோம் என்பதுதான் அவரைத் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்ததும் நான்கு சொந்த ஆட்டங்களின் பதிவையும் போட்டு உட்கார்ந்தார். நீலக் கட்டியால் ஒன்பது கொடியையும் மைதானப் படத்தில் குறித்தார். குறித்து முடித்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது. ஒன்பதும் வடக்கு முனையில். தெற்கு முனையில் ஒன்றுகூட இல்லை. வெளியூரில் ஒன்றுகூட இல்லை.

ஆலையில் இது அவர் தினமும் பார்ப்பது. வெவ்வேறு மரத்துப் பலகைகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் வந்தால் மரத்தைத் திட்டுவதில் பயனில்லை. சங்கிலியை நிறுத்திவிட்டு ரம்பத்தைப் பார்க்க வேண்டும்.

ரம்பம் எது என்றுதான் தெரியவில்லை. மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார். சமையலறையில் மனைவி வைனெல் கோழி பொரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆட்டத்தில் நாட்டம் கிடையாது. முதுகைக் காட்டியபடியே, "இப்ப கொடி விழும்," என்றாள்.

விழுந்தது.

"உனக்கெப்படித் தெரியும்? நீ இந்தப் பக்கம் பாக்கவே இல்லையே."

"எனக்கெதுக்குப் பாக்கணும்? ஒரு மணி நேரமா இதையே போட்டுக்கிட்டிருக்க. உன் கட்டை டக்குங்குது, அப்புறம் விசில் ஊதுது. ஒவ்வொரு தடவையும் அதேதான்."

ராய்ஸ் இன்னொன்றைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டக். விசில். அடுத்தது. டக். விசில்.

அப்போதுதான் உறைத்தது. கேண்டி இந்த வருஷம் புதிதாக வந்த பயிற்சியாளர். அவருக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் பந்து வீசுகிறவன் வாயால் கத்துவான், பந்து பின்னுக்கு வரும். கேண்டி அதை மாற்றிவிட்டார். இப்போது அவன் இரண்டு உள்ளங்கையையும் ஒரே ஒரு தட்டுத் தட்டுவான். அந்தத் தட்டுக்குத்தான் வரிசை பாய வேண்டும். மூன்றாவது வரிசை மேற்கு ஓரம், வடக்கு பார்த்துக் குனிந்து நிற்கும் தவாரிஸின் இடது காதுக்கு நேர் எதிரே. ஊரிலேயே வேகமான முதல் அடி உள்ளவன் ஒற்றைத் தட்டுக்காகக் காத்து நிற்கும்போது, ராய்ஸ் ஒற்றைத் தட்டுத் தட்டியிருக்கிறார். ஒன்பது முறை.

"வைனெல், அடுப்பை அணை," என்றார். "எனக்கு இப்ப சாப்பாடு இறங்காது."

"நான் சாப்பிடுவேன்," என்றாள் அவள்.

திங்கள் மாலை தவாரிஸ் முடிவெட்டிக்கொண்டு வெளியே வரும்வரை ராய்ஸ் வண்டியில் காத்திருந்தார். பையன் அவரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான்.

"மிஸ்டர் ராய்ஸ்."

"ஒண்ணு கேக்கிறேன், நேராச் சொல்லு. நீ அசையறது என் கட்டைச் சத்தத்துக்கா?"

தவாரிஸ் தெருவைப் பார்த்தான். "ஆமா சார்."

"எப்ப தெரியும்?"

"ரெண்டாவது ஆட்டத்துலயே தெரியும் சார். கேக்கக் கூடாதுன்னுதான் நினைக்கிறேன். கால் கேக்க மாட்டேங்குது. கோச் சொல்ற தட்டும் அதே மாதிரிதான் இருக்கு."

"ஏன்டா யாருகிட்டயும் சொல்லல?"

"யாருகிட்ட சார் சொல்றது? ஊரே அதுக்காகத்தான் வருது. என் தங்கச்சிங்க பேரு போட்ட கட்டை எங்க வீட்டுல ரெண்டு ஜோடி இருக்கு. பெட்வே பையன் ஒழுங்கா ஆடத் தெரியாம ஊரை வாயை மூடச் சொல்றான்னு ஆயிடும். அதுக்கு பெஞ்ச்சுல உக்காரலாம்."

"நீ உக்கார மாட்ட," என்றார் ராய்ஸ். "வியாழக்கிழமை ரேடியோ போட்டுக் கேளு."

வியாழன் மாலை ஹாஸ்க்யூ கடையில் நிற்க இடமில்லை. ராய்ஸ் தன் கணிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வதைக் கேட்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். லமார் மைக்கை அவர் பக்கம் தள்ளி வைத்துச் சிரித்தார். "ராய்ஸ், ஏழு இன்னும் ஏழுதானா?"

"ஏழுதான். ஒன்பது கொடியையும் நான் ஆராய்ஞ்சு பாத்துட்டேன். யார் செஞ்சதுன்னு தெரிஞ்சுபோச்சு."

"ஊருக்கே தெரியுமே!" என்று யாரோ கத்தினார்கள்.

"தெரியாது. ஒன்பதையும் செஞ்சது நான்."

ராய்ஸ் மைதானப் படத்தை மேசையில் விரித்து, வானொலியில் யாருக்கும் படம் தெரியாது என்பதையும் மறந்து, விரலை வைத்து வைத்துக் காட்டினார். வடக்கு முனை, கேண்டியின் கைத்தட்டு, இடது காது, எல்லாம் சொன்னார். "பையன் தப்பே செய்யல. அவன்கிட்ட நான் எதைப் புகழ்ந்தேனோ அந்த வேகத்துக்குத்தான் கொடி விழுந்திருக்கு. நம்ம கையில பந்து இருக்கிற வரைக்கும் வடக்கு முனையில கட்டை வேண்டாம், கூச்சல் வேண்டாம். அவங்க கையில பந்து போனா கூரை இடிஞ்சு விழற மாதிரி கத்துங்க. இருபத்தெட்டு வருஷமா நான்தான் முதல் தட்டு. இனிமே நான் தட்டல."

எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

"ஆட்டத்துக்குப் போயி வாயை மூடிட்டு உக்காரணுமா? அதுக்கு தேவாலயத்துக்கே போயிடுவேனே!"

"என் மக பேரு போட்ட கட்டைய்யா அது!"

டப் மேசைமேல் கையை ஊன்றி எழுந்தார். "முப்பத்தாறு வருஷம் ரம்பத்துக்குப் பக்கத்துல நின்ன மனுஷன், சத்தம் ஆகாதுங்கறாரு! ராய்ஸ், பையனைக் காப்பாத்தணும்னா நேரா சொல்லு, கட்டை மேல ஏன் பழி போடற?"

"கட்டை மேல போடல டப். என் மேல போடறேன்."

பயிற்சியாளர் கேண்டி அங்கே இல்லை. மறுநாள் அவரிடம் கேட்டபோது, சத்தம் எல்லா மைதானத்திலும் இருக்கும், நிற்கத் தெரிந்தவன் நிற்பான் என்று சொல்லிவிட்டார்.

ஏழாவது ஆட்டம் வெளியூர். கொடியே விழாமல் ஜெயித்தார்கள். எட்டாவது ஆட்டத்துக்கு மார்பரி கல்லூரி கார்லிக்கு வந்தது. ராய்ஸ் வெறுங்கையோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். பாதிப் பேர் கையில் கட்டை இருந்தது. சிலர் அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கடைசிக் கால் மணி நேரம். சிப்சி ஆறு புள்ளி பின்தங்கி, வடக்கு முனையில் ஐந்து கெஜத்தில் பந்தோடு நிற்கிறது. கட்டைகள் உயர்ந்தன. எல்லோருடைய கண்ணும் ராய்ஸ் பக்கம் திரும்பியது. அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பின் வரிசையில் டப்பால் பொறுக்க முடியவில்லை. முதல் தட்டை ஒரு தடவையாவது தட்டிப் பார்க்கும் ஆசை இருபத்தெட்டு வருஷமாக அவருக்குள்ளே இருந்திருக்க வேண்டும். எழுந்து நின்று ஓங்கி ஒன்று தட்டினார்.

டக்.

தவாரிஸ் பாய்ந்தான். மஞ்சள் கொடி பறந்தது.

பயிற்சியாளர் கேண்டி பெஞ்ச் பக்கம் திரும்பி மாற்று ஆளைக் கூப்பிடக் கையைத் தூக்கிவிட்டார். தூக்கிய கை பாதியில் நின்றது. மற்றவர்கள் தட்டாததால் அந்த ஒற்றைச் சத்தம் மைதானம் முழுக்கத் தனியாகக் கேட்டிருந்தது. கேண்டி வடக்கு முனையை நிமிர்ந்து பார்த்தார். அவர் மட்டுமா பார்த்தார், எட்டாயிரம் பேரும் டப் ஹால்மார்க்கைப் பார்த்தார்கள்.

"நான்... பழக்கத்துல..." என்றார் டப்.

"பழக்கமா? உனக்கு எப்படா பழக்கம்?" என்று முன் வரிசைக் கிழவி ஒருத்தி கடலைத் தொலியை அள்ளி அவர் மேல் வீசினாள். அடுத்து எல்லாப் பக்கமிருந்தும் தொலி பறந்தது. ஒருத்தர் பாதிக் குளிர்பானத்தையே ஊற்றினார். டப் கட்டைகளைக் காலுக்கடியில் போட்டு, அதன்மேல் நின்றுகொண்டார்.

கேண்டி கையை இறக்கினார். தவாரிஸ் களத்திலேயே இருந்தான். பத்து கெஜத்திலிருந்து, முனகல்கூட இல்லாத அமைதியில், அடுத்த முயற்சியில் பந்து கோட்டைத் தாண்டியது. அதற்கு ஆறு புள்ளி, பிறகு கம்பத்துக்கு நடுவே உதைத்ததற்கு ஒன்று, இருபத்து நான்குக்கு இருபத்து மூன்று என்று சிப்சி ஜெயித்தது. ஆளுக்கு ஒன்று பேசிக்கொண்டிருந்த ஊர் அன்று மாலை ஒரே பேச்சு பேசியது, ராய்ஸ் சொன்னது நிஜம்.

அதன்பிறகு ராய்ஸ் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. முடிவெட்டும் கடைக் கண்ணாடியில் 'பந்து நம் கையில் என்றால் வாய்க்குப் பூட்டு' என்று எழுதி ஒட்டினார்கள். போதகர் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை முடித்துவிட்டு, "பிரசங்கத்தின்போது பேசுவதைப் போல சனிக்கிழமை பேச வேண்டாம்," என்று கேட்டுக்கொண்டார். ஒன்பதாவது ஆட்டமும் வெளியூரில் ஜெயம். ஆறு ஆகிவிட்டது.

பத்தாவது ஆட்டம் ஹார்லோ கல்லூரியோடு. அந்தப் பெயரைச் சாப்பாட்டு மேசையில் சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு உள்ள வீடுகள் கார்லியில் உண்டு. நாற்பது மைல் தள்ளி இருக்கிற ஊர். பதினாறு வருஷமாகச் சிப்சி அவர்களை ஜெயித்ததில்லை. இந்த வருஷமும் அவர்கள் தோற்காமல் வந்திருந்தார்கள். கார்லியின் கட்டைச் சத்தத்துக்குப் பழக, வாரம் முழுக்க ஒலிபெருக்கியை அலறவிட்டுப் பயிற்சி எடுத்தார்கள் என்று பேச்சு.

ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர். ஹார்லோ கையில் பந்து இருந்தபோதெல்லாம் கார்லி கத்திய கத்தலில் பாலத்தில் போன லாரிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் ஹார்லோ பதினேழு, சிப்சி பதின்மூன்று. ஐம்பது விநாடி பாக்கி. வடக்கு முனை. மூன்று கெஜம். நான்காவது முயற்சி, இதை விட்டால் ஒன்றும் இல்லை.

ஹார்லோ பையன்கள் தோளை முறுக்கிக்கொண்டு சத்தத்துக்குக் காத்து நின்றார்கள்.

சத்தம் வரவில்லை.

தெற்கு முனையில் ஆரம்பித்து, கிழக்கு, மேற்கு என்று வரிசை வரிசையாக மைதானம் அடங்கியது. மாணவர்கள் ஒருவர் வாயை ஒருவர் பொத்தினார்கள். ஒரு கைக்குழந்தை அழுதது, அதன் தாய் அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். கொடிக் கம்பத்தில் கயிறு மோதும் சத்தம் கேட்டது. ராய்ஸுக்குத் தன் மூக்கில் மூச்சு போவது கேட்டது. பக்கத்தில் டப் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொப்பியின் முனையை நைந்து போகும்வரை கடித்துக்கொண்டிருந்தார்.

களத்தில் ஹார்லோவின் பெரிய பையன் ஒருவன் தன் கூட்டாளியிடம் கேட்டது மூன்றாவது வரிசை வரை வந்தது. "என்னடா இது, சாவு வீடு மாதிரி இருக்கு?"

"பேசாதடா, அவனுங்களுக்குக் கேக்கும்."

"எனக்கு பயமா இருக்குடா."

தவாரிஸ் குனிந்து விரல்களைப் புல்லில் ஊன்றினான். அசையவில்லை. ஒன்று. இரண்டு. ஈ ஒன்று பறந்தாலும் கேட்கும் அமைதியில் ஒன்பதாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பையனின் இரண்டு உள்ளங்கைக்காகக் காத்திருந்தார்கள்.

கை தட்டியது.

மற்ற இருபத்தொரு பேரும் அசைவதற்குள் தவாரிஸ் எதிராளியின் நெஞ்சில் இருந்தான். பேசிக்கொண்டிருந்த அந்தப் பெரிய பையனின் கால்கள் தரையை விட்டு எழும்பின. ஒரு கெஜம், இரண்டு கெஜம், மூன்று. அவனைத் தள்ளிக்கொண்டே போய்க் கோட்டுக்கு அப்பால் மல்லாக்கப் போட்டு, அவன்மேல் தானும் விழுந்தான். அவன் திறந்த வழியில் பந்தோடு ஓடியவனை ஒரு விரல்கூடத் தொடவில்லை.

நடுவர் இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தினார்.

அடைத்து வைத்திருந்த ஒன்பதாயிரம் பேரின் சத்தமும் ஒரே நேரத்தில் வெடித்தது. டப் ராய்ஸின் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உச்சந்தலையில் முத்தம் கொடுத்தார். "ஏழுடா! ஏழுடா கிழட்டு எருமை!" என்று அழுதார். அரை மணி நேரம் வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தவாரிஸின் அம்மா லொரீன், கேன்டீன் சீருடையோடு வேலையிலிருந்து ஓடி வந்தவள், வேலியைத் தாண்டிக் களத்தில் குதித்து, மூன்றாள் கனம் உள்ள மகனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கூட்டம் கலைந்தபோது தவாரிஸ் மூன்றாவது வரிசையைத் தேடி வந்தான். முகமெல்லாம் மண்.

"மிஸ்டர் ராய்ஸ், இவ்வளவு அமைதியை என் வாழ்க்கையில கேட்டதே இல்ல சார்."

"எப்படி இருந்துச்சு?"

"எல்லாரும் என் பேரைச் சொல்ற மாதிரி இருந்துச்சு," என்றான் பையன்.

அடுத்த வாரம் பயிற்சியாளர் கேண்டி ஆலைக்கே போன் செய்தார். "மிஸ்டர் டிட்மோர், ஒன்பது கொடியும் நடந்தப்ப என்கிட்ட நாலு கேமராவும் ஆறு உதவியாளரும் இருந்தாங்க. ஒருத்தனுக்கும் தெரியல. அடுத்த பருவத்துக்கு வரிசையில யாரை நிறுத்தறதுன்னு இந்த சனிக்கிழமை உக்காந்து பாக்கிறோம். நீங்க வர முடியுமா?"

ராய்ஸ் தேவாலயத்துக்குப் போடும் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். வைனெல் காலரைச் சரி செய்துவிட்டாள். "எங்க போறன்னு யாராவது கேட்டா, காலேஜுக்குப் போறேன்னு சொல்லு. நாப்பது வருஷமா ஆட்டத்துக்குப் போறேன்னுதானே சொல்லிக்கிட்டிருக்க."

கல்லூரிக் கட்டிடத்தின் முன்வாசல் வழியாக அவர் உள்ளே போவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை கார்லீன் பட்டம் வாங்கிய அன்று. அறைக்குள் பெரிய திரையும் நீள மேசையும் இருந்தன. இளம் உதவிப் பயிற்சியாளர்கள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்கள். தவாரிஸ் எழுந்து தன் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டான். ராய்ஸ் சட்டைப் பையிலிருந்து நீலக் கட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

படம் ஓடியது. பயிற்சி ஆட்டத்தில் ஒரு முதலாண்டுப் பையன் எதிராளியை முட்டி வீழ்த்தினான். உதவியாளர்கள் ஆகா என்றார்கள்.

"நிறுத்துங்க. கொஞ்சம் பின்னாடி போங்க," என்றார் ராய்ஸ். "அந்த அறுபத்தாறாம் நம்பர் பையன். நல்ல மரம், ஆனா இன்னும் பச்சை. மோதும்போது இடுப்பு வளையுது பாருங்க. இந்த வருஷமே பாரம் ஏத்தினீங்கன்னா முறுக்கிக்கும். ஒரு வருஷம் காய விடுங்க. அதுக்கப்புறம் தவாரிஸுக்கு அந்தப் பக்கம் இவனை நிறுத்தலாம். வலது பக்க ஓட்டையும் மூடிடும்."

கேண்டி பேனாவை எடுத்து, அறுபத்தாறு என்று எழுதி, அதற்கு நேரே ஒரு வருஷம் என்று எழுதினார். உதவியாளர்களும் குனிந்து தட்டச்சு செய்தார்கள். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை ராய்ஸ் காத்திருந்தார்.

"சரி, அடுத்த பையனைப் போடுங்க," என்றார்.